ஒரு முழம் இறக்கிய மூங்கில்

அன்வர் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தான். எழுந்து நின்றான் என்று எல்லோரையும் நம்பவைத்தவன் நான்.

சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. சரி, வாயைத் திறந்தாயிற்று, முழுவதையும் கேட்டுவிடுங்கள். நீங்கள் யாரோ, எவரோ... என் முகம் உங்களுக்குத் தெரியாது. அன்வரின் வீடும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஏட்டுத் தமிழில் எழுதுவதற்கும் அதுவே காரணம். என் கொருக்குப்பேட்டைப் பேச்சில் இதைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் அவன் குரல் வந்துவிடுகிறது. அதற்குமேல் எனக்குச் சொல்ல வருவதில்லை.

நான் பைலட் வண்டி ஓட்டுகிறவன். ஆகாயத்தில் பறக்கிறவன் என்று எண்ணிவிடாதீர்கள்! என்னுடையது ஒரு பழைய ஜீப். சாலை கொள்ளாத பெரிய இயந்திரங்களை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகும்போது, அதற்கு முன்னால் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு மூங்கில் செங்குத்தாகக் கட்டியிருக்கும். அதுதான் இந்தக் கதை.

அந்த மூங்கிலின் நுனி, பின்னால் வரும் லோடின் உச்சியைவிட ஒரு சாண் கூடுதலாக நிற்க வேண்டும். நுனியில் மாட்டுக்குக் கட்டும் வெண்கல மணி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பேன். குறுக்கே போகும் ஒயரோ கம்பியோ மூங்கிலில் பட்டால் மணி அடிக்கும். அடித்தால் நான் நிறுத்துவேன். நான் நிறுத்தினால் டிரெய்லர் நிற்கும். லோடின் மேலே உட்கார்ந்திருக்கிறவன் கவட்டைக் கம்பால் அந்த ஒயரைத் தூக்கிப் பிடிப்பான். வண்டி அங்குலம் அங்குலமாக நகர, அவன் உட்கார்ந்தபடியே முன்னாலிருந்து பின்னால் நகர்ந்துபோய், வால் பக்கம் கடந்ததும் ஒயரை விடுவான்.

அப்படி மேலே உட்கார்கிறவன்தான் அன்வர்.

தண்டையார்பேட்டைக்காரன். எனக்குத் தோஸ்து. ஒரே தட்டில் நாஷ்டா தின்றிருக்கிறோம், ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம். அவன் மேலே இருக்கும்போது முன்பக்கம் பார்க்கவே மாட்டான். ஏன் பார்க்க வேண்டும்? முன்னால் என்ன வந்தாலும் மணி சொல்லிவிடும். மணியைக் கட்டியவன் நான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாதம். மாதவரத்துக்கு வெளியே கடலே இல்லாத ஒரு துறைமுகம் இருக்கிறது. கப்பலில் வந்த சரக்கைக் கொண்டுவந்து, சுங்கச் சோதனை முடியும்வரை போட்டுவைக்கும் பெரிய யார்டு. உலர் துறைமுகம் என்று பலகையில் எழுதியிருக்கும். எங்களுக்கு அது வெறும் யார்டு. அங்கேயிருந்து ஒரு மரம் வெட்டும் இயந்திரத்தை, தெற்கே ஒரு காகித ஆலையின் தைலமரத் தோட்டத்துக்கு எடுத்துப்போக வேண்டும். நிற்கிற மரத்தை அப்படியே பிடித்து, அறுத்து, பட்டையை உரித்து, துண்டு போட்டுத் தள்ளிவிடுமாம். மனிதர் உயரத்துக்கு டயர்கள். மடக்கி வைத்த நீண்ட இரும்புக் கை; அதுதான் லோடின் உச்சி, மேலே குந்தியிருக்கிறவன் தலையையும் தாண்டி நிற்கும். டிரெய்லரில் ஏற்றி நிறுத்தியபோது நாங்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

கையில் டீ கிளாசோடு அன்வர்தான் முதலில் பேசினான்.

“இம்மா ஒயரம் கீது. மேல ஏறி நின்னா நம்ம காசிமேட்டுக் கடலே தெரியும் போல மாமு.”

டிரெய்லர் ஓட்டும் தங்கராசு அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். எவ்வளவு சின்னப் பேச்சு! டீ ஆறுவதற்குள் மறந்துபோகிற பேச்சு. நான் மறக்கவில்லை பாருங்கள்...

புறப்பட்டோம். யார்டைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். கிளைகள் சாலைக்கு மேலே வந்து கவிந்திருக்கும். இலை பட்டாலே மணி அடித்தது. அடித்தால் நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். பார்த்தால் இலை! கிளம்பினேன். மறுபடி மணி. மறுபடி இலை. பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ஒருவன் பைக்கில் பக்கத்தில் வந்து என் தாயை இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

அப்போது தங்கராசு அண்ணன் போனில் கூப்பிட்டார். “இன்னா நைனா, கோயில் யானையாட்டம் மணி ஆட்டிகினே போற? சாயங்காலத்துக்குள்ள ஐவேஸாவது ஏறுவமா?”

கேலிதான். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை அவர். ஆனால் எனக்கு முணுக்கென்று கோபம் வரும், இன்றும் அப்படித்தான். கிளைகள் மறைத்து, டிரெய்லரிலிருந்து பார்த்தால் மூங்கில் தெரியாத ஓர் இடத்தில் ஜீப்பை ஓரங்கட்டினேன். இறங்கினேன். கயிற்றைத் தளர்த்தி, மூங்கிலை ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டினேன்.

ஒரு முழம்!

கணக்கு உங்களுக்கே புரியும். லோடைவிட ஒரு சாண் உயரமாக நின்றிருந்த மூங்கில், இப்போது லோடைவிட ஒரு சாண் குள்ளம். இனி மணி அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

மரங்கள் முடிந்ததும் மறுபடி ஏற்றிக் கட்டலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. எத்தனை சௌகரியமான சொல் அது! ஆனால் நான் மறக்கவில்லை. மரங்கள் முடிந்தன. சாலை திறந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ‘போ போ’ என்று கை காட்டினார். வண்டி நல்ல ஓட்டத்தில் இருந்தது. இப்போது நிறுத்தினால் மறுபடி திட்டு, மறுபடி கேலி... அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

அடுத்த திருப்பத்துக்கு முன்னால் ஓர் அம்மன் கோயில். ஆடித் திருவிழா. நாங்கள் முன்பே வந்து பாதை பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. முந்தின நாள்தான் சீரியல் விளக்குப் போடுவதற்காகச் சாலையின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் ஒரு கேபிள் ஒயர் தாழ்வாகத் தொங்கியது. தாழ்வாக இருந்ததால் இறக்கிய மூங்கிலிலும் அது பட்டது, மணி அடித்தது, நிறுத்தினேன். அன்வர் அதைத் தூக்கினான். நகர்ந்தோம். இரும்புக் கம்பிக்கு அடியில் என் ஜீப் போனது. என் மூங்கில் போனது. மணி வாயே திறக்கவில்லை.

பக்கக் கண்ணாடியில் அன்வரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நன்றாகக் கேளுங்கள், இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அவன் குந்தியிருந்தான். பின்பக்கம் திரும்பி, கேபிள் ஒயரைக் கவட்டையில் ஏந்தியபடி, வாத்து நடப்பதுபோல் நகர்ந்துகொண்டிருந்தான். எப்போதும் செய்கிற மாதிரி, இம்மியும் பிசகாமல்.

இயந்திரத்தின் மடக்கிய இரும்புக் கையில் கம்பி மாட்டியது. இழுபட்டது. விளக்குக் கம்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அவன் முதுகில் அறைந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து தார்ச்சாலையில் விழுந்தான்.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

தங்கராசு அண்ணன் குதித்து இறங்கி அன்வரிடம் ஓடினார். கோயில் வாசலில் நின்ற கூட்டம் அன்வரிடம் ஓடியது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஓடினார்கள்! நான் மட்டும் மூங்கிலிடம் ஓடினேன்.

கயிற்றை அவிழ்த்தேன். ஒரு முழம் உயர்த்தினேன். இறுக்கிக் கட்டினேன். அவ்வளவு வேகமாக ஒரு முடிச்சை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை. கை நடுங்கவேயில்லை. எல்லோரும் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்... ஒரே ஒருவராவது திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா?

பிறகுதான் அவனிடம் போனேன். தங்கராசு அண்ணன் ஆம்புலன்சுக்குப் போன் போட எழுந்தார். நான் அன்வரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

“மணி அடிக்கலியே மாமு...”

அதோடு மயங்கிவிட்டான்.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி வந்து நின்றார். எப்படி ஆச்சு என்றார். மணி ஏன் அடிக்கவில்லை என்றார். கம்பி மூங்கிலுக்கும் மேலே உயரத்தில் இருந்தது, அதனால் அடிக்கவில்லை என்றேன். அப்படியானால் உட்கார்ந்திருந்தவன்மேல் எப்படிப் பட்டது என்றார். நியாயமான கேள்வி! அந்தக் கேள்விக்கு முன்னால் நான் ஒரு மூச்சு நேரம் நின்றேன். அந்த ஒரு மூச்சில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலையில் யார்டில் டீ குடிக்கும்போது கேட்ட பேச்சு அப்போது பார்த்து நாக்கில் வந்து நின்றது.

“எழுந்து நின்னான் சார். மேலேர்ந்து கடலு தெரியுதான்னு பாக்க நின்னான்.”

தங்கராசு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆமாம் சார், காலையிலேயே அந்தப் பேச்சைத்தான் பேசினான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பாவம். கேட்டதைத்தான் சொன்னார். கம்பி அறுந்து தரையில் கிடந்தது. அது எவ்வளவு உயரத்தில் இருந்ததென்று இனி ஆண்டவனாலும் அளக்க முடியாது. என் மூங்கில் சரியான உயரத்தில் நின்றது. வந்து பார்த்த எல்லோரும் அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அன்வருக்கு உயிர் தங்கியது. முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை அவனுக்கு. அந்த நாளும் அவன் தலையிலிருந்து அழிந்துபோயிற்று. டீ குடித்தது நினைவிருக்கிறது. அதற்குப்பிறகு ஆஸ்பத்திரி விட்டம். நடுவில் எதுவுமே இல்லை. மணி அடிக்கவில்லை என்று தான் சொன்னதும் அவனுக்குத் தெரியாது.

அவனுக்கு எதுவும் நினைவில்லை என்று கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ என்று தோன்றவில்லை. அப்பாடா என்று தோன்றியது. அப்படிப்பட்டவன்தான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அவன் மனைவி ஷமீம் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, என்னைத் தனியாகச் சந்துக்குள் அழைத்துப்போனாள். அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் கண்ணையே பார்த்துக் கேட்டாள்.

“அண்ணே, நீங்க கண்ணாடில பாத்துகினு இருந்தீங்கன்னு சொன்னாங்க. நெசமாவே எழுந்து நின்னாரா? மொட்டை மாடில துணி காயப்போடக்கூட ஓரத்துக்குப் போவமாட்டாரு அண்ணே இவரு.”

கூடவே வாழ்கிறவளுக்குத் தெரியாதா! அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. என் வாயிலிருந்து ஒரு ‘இல்லை’ வந்தால் போதும், அவள் புருஷன் பழையபடி ஒழுங்கான வேலைக்காரன் ஆகிவிடுவான். நடக்க முடியாதுதான். ஆனால் தன் முட்டாள்தனத்தால் விழுந்தவன் என்ற பெயராவது போயிருக்கும்.

“ஆமாம்மா, நின்னான்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் கத்துவது கேட்டது. கடலு பாக்கப் போனியே, எங்களப் பாத்தியா என்று கேட்டுக் கத்தினாள். என்ன பதில் சொல்வான்? அவனுக்கே தெரியாதே!

யார்டில் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. லோடின் மேலே ஏறுகிறவன் எவனாயிருந்தாலும் இடுப்பில் கயிறு கட்டி இயந்திரத்தோடு முடிந்துகொள்ள வேண்டும். எழுந்து நிற்க முடியாதபடி குட்டையான கயிறு. அதற்கு ‘அன்வர் கயிறு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ‘அன்வர் கயிறு கட்டினியா?’ என்று கேட்காமல் ஒரு வண்டியும் கிளம்பாது. புதிதாக வருகிறவர்களிடம் முதலாளியே கதை சொல்வார். கடல் பார்க்க எழுந்தவன் கதை. கேட்டுச் சிரிப்பார்கள். நான் ஜீப்பைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். மூங்கிலைப் பற்றி அன்றும் ஒருவரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. இன்னொரு பைலட்காரன் எங்கேயோ ஒரு மரத்தடியில் ஒரு முழம் இறக்கிக்கொண்டிருக்கலாம்... அவனிடம் சொல்வதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. நானோ வாய் திறக்கவில்லை.

அன்வர் வீட்டிலிருந்தபடியே தார்ப்பாய் தைக்கிறான். லாரிகளுக்குப் போடும் தார்ப்பாய் கிழிந்தால் யார்டிலிருந்து நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன், தைத்ததும் வாங்கி வருவேன். பார்க்கிறவர்கள் என்னை மெச்சுகிறார்கள். தோஸ்து என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவன் மாமனார் என் தோளைத் தட்டினார். தட்டிய இடம் அன்று முழுவதும் எரிந்தது.

முதலில் எல்லாம் அன்வர் கேட்டுக்கொண்டே இருப்பான். “நான் எதுக்கு மாமு எழுந்து நின்னேன்? எனக்கே பேஜாராகீது. அப்டி நிக்கற ஆளா நானு?” நான் டீயைக் குடித்துக்கொண்டே, விடுடா, நடந்தது நடந்துபோச்சு என்பேன். ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டான். தன்னால் எனக்குக் கெட்ட பேர் வந்திருக்குமே, மன்னிச்சிடு என்றான். என்னிடம்! அவன்!

பிறகு மெல்ல மெல்லக் கேட்பது நின்றது. நினைவு வருகிறது என்று சொல்லத் தொடங்கினான். எனக்கு உயிரே போயிற்று. என்ன நினைவு என்று கேட்டேன்.

“கடலு மாமு. தூரத்துல, கோடு போட்டா மாதிரி. நீலம்கூட இல்ல, சாம்பலா பளபளன்னு. ரெண்டு மீன்புடி போட்டு நின்னுகினு இருந்திச்சி. பாத்துட்டேன் மாமு. அப்பாலதான் வுழுந்தேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் நம்புங்கள். நான் போட்ட பொய்யை எத்தனையோ பகல் அந்தக் கட்டிலிலிருந்தபடியே வளர்த்து, அவனே நிஜமாக்கிக்கொண்டான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்! அந்த நாளில் அவனுக்கு மிச்சமான நல்லது அது ஒன்றுதான். ஷமீமும் இப்போது கத்துவதில்லை. அதையாவது பார்த்தாரே என்கிறாள்.

ஆகவே நான் இப்போது உண்மையைச் சொன்னால் அவனிடமிருந்து கடலையும் பிடுங்கிக்கொண்டவன் ஆவேன். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நல்ல காரணம்தான், இல்லையா? ஆனால் உங்களையே கேட்கிறேன். இது அவனுக்காகச் சொல்கிற காரணமா? அல்லது எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மறுபடியும் அந்த மூங்கிலைத்தான் உயர்த்திக் கட்டிக்கொண்டிருக்கிறேனா?

போன முறை தார்ப்பாய் கொடுக்கப் போனபோது, நான் அரைமனதாகத் தலையாட்டுவதை அவன் கவனித்துவிட்டான். “நம்பிக்க இல்லன்னா நீயும் ஒரு தபா மேல ஏறிப் பாரு மாமு. நெசமாத் தெரியும்” என்றான்.

ஏறினேன். அதே யார்டு, அதேபோன்ற இன்னொரு மரம் வெட்டும் இயந்திரம், டிரெய்லரில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுநர் நாஷ்டாவுக்குப் போயிருந்தார். நல்ல வெயில். அன்வர் உட்காரும் இடம் வரைக்கும் ஏறிப்போனேன். அங்கே கிடந்த அன்வர் கயிறு காலில் தட்டியது. ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். கிழக்கே பார்த்தேன்.

தகரக் கூரைகள். அடுக்கிவைத்த கன்டெய்னர்கள். ஒரு தண்ணீர்த் தொட்டி. மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகள், அவற்றின் புகை. அதற்கப்பால் வெறும் மங்கல். கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தேன். நுனிக்காலில் எம்பிப் பார்த்தேன். தெரிந்துவிடாதா, ஒரு கீற்றாவது தெரிந்துவிடாதா என்று... எதற்கு அப்படித் தவித்தேன் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் என் பொய் உண்மையாகிவிடுமா? ஓட்டுநர் கீழேயிருந்து கூப்பிடும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

அன்று மாலையே அன்வர் வீட்டுக்குப் போனேன். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே ஊசியைக் கீழே வைத்துவிட்டான்.

“ஏறினியா மாமு?”

“ஏறினேன்.”

“தெரிஞ்சிதா?”

ஷமீம் டீ கிளாசோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவளும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று சந்தில் பார்த்தது போலவே.

“தெரிஞ்சிது” என்றேன்.

அவன் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, இன்றைக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டான்.

அதையும் சொன்னேன்.